கிராக்கி

பனிக்காலத்தில் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு மல்லிகை வரத்து குறையும், விலை எகிறும். ‘பூவுக்குக் கிராக்கி’ என்பார்கள். ஆனால் கிராக்கி முதலில் ஓர் ஆள்! வாங்குபவரைக் குறிக்கும் ‘கிராஹக’ என்ற வடசொல்லின் வழிவந்த இது, கன்னடத்தில் இன்றும் வாடிக்கையாளர்தான். சென்னைச் சாலையில் குறுக்கே பாய்பவர் வாங்கிக்கட்டிக்கொள்ளும் ‘சாவுகிராக்கி’யிலும் அந்த ஆள் உயிரோடிருக்கிறார். ஆளிலிருந்து அவர் கேட்கும் சரக்கின் மவுசுக்கும், அங்கிருந்து விலையேற்றத்துக்கும் பொருள் நகர்ந்தது. ‘கிராக்கிப்படி’ அப்படி வந்ததுதான்.

இப்போது அது அகவிலைப்படி. அகவிலை என்றால் தானிய விலை, நல்ல பழஞ்சொல்.

பொருளியல் பாடநூல்களில் கிராக்கிக்கு இடமில்லை: தமிழ்நாட்டில் ‘தேவை’, இலங்கையில் ‘கேள்வி’. தேவை கொஞ்சம் இடறுகிறது. காசில்லாதவருக்கும் பூ தேவைதானே? ஏலத்தில் விலை கேட்பவரை நினைவூட்டும் ‘கேள்வி’யே பொருத்தம்.