நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமா?

வெளிநாட்டில் வாழும் மகன் அல்லது மகளின் வீட்டுக்குச் சென்னையிலிருந்து புறப்படும் பெற்றோர், வழியில் விமானம் மாறி அமெரிக்கா சென்றடைய 20 மணி நேரத்துக்கும் மேலாகலாம். இறங்கும்போது இரு கணுக்கால்களிலும் சிறிது வீக்கம் காணப்படுவது இயல்பே; நடமாடத் தொடங்கினால் ஓரிரு நாள்களில் வடிந்துவிடும். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் தோன்றினால், அதைப் பயணக் களைப்பு என்று எண்ணிக் காத்திருத்தல் கூடாது. அது ஆழ்சிரை இரத்த உறைவாக இருக்கலாம்.

ஏன் ஏற்படுகிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, சிரைகளில் உள்ள இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் அந்த ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறையக்கூடும். பேருந்து, கார், இரயில் பயணங்களுக்கும் இது பொருந்தும். 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அவ்வாறு பயணிப்போரில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே உறைவு ஏற்படுகிறது. ஆகவே பயணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எனினும் முன்பு உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் குழந்தை பெற்றவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்வோர், உடற்பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அழுத்தக் காலுறையோ மருந்தோ தேவையா என்பதை அவரே முடிவு செய்வார். ஆஸ்பிரின் மாத்திரையைத் தாமாக உட்கொள்ள வேண்டாம்.

சென்றடைந்த பின்

அறிகுறிகள் பெரும்பாலும் விமானத்தில் தெரிவதில்லை. சில நாள்கள் கழித்தோ, இரண்டு மூன்று வாரங்கள் கழித்தோ தோன்றலாம். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும்; எனவே மருத்துவர் கேட்காவிட்டாலும் பயண விவரத்தைக் கூறுங்கள். கால நேர மாற்றத்தால் பகலில் தூக்கம் வரும். அதற்காக நாள் முழுவதும் படுத்திராமல், வீட்டுக்குள்ளேனும் அவ்வப்போது நடப்பது நல்லது.

வீங்கிய காலுக்குத் தைலம் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். உறைவு என்ற ஐயம் இருக்கும்போது இதை அறவே தவிர்க்க வேண்டும். உறைவு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, சளியில் இரத்தம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே அவசர ஊர்தியை அழையுங்கள்: அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112.

வெளிநாட்டில் மருத்துவச் செலவு மிகுதி என்பதால், பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று வலியை மறைக்கும் பெரியவர்கள் உண்டு. ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறான முடிவு. கண்டறியப்படாத உறைவுடன் மீண்டும் நீண்ட நேரம் விமானத்தில் அமர்வது மேலும் ஆபத்தானது. ஆதலால் பெற்றோர் வந்த முதல் சில வாரங்கள் அவர்களின் கால்களைப் பிள்ளைகளே பார்த்து வருவது நன்று. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பயணக் காப்பீடு பொருந்துமா என்பதைப் புறப்படுமுன்னரே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டாப்ளர் ஸ்கேன் மூலம் உறைவு உறுதியானால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் பொதுவாகக் குறைந்தது 3 மாதங்களுக்கு அளிக்கப்படும். வலி தணிந்தவுடன் அவற்றை நிறுத்தக் கூடாது. திரும்பும் பயணத்துக்கான நாளைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.