பெருநாள் உடை கைமாறும் மாதம்

மலேசியாவில் நோன்புப் பெருநாள் காலையில் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று உடுப்பின் நிறமே சொல்லிவிடும். தகப்பனும் பையன்களும் ஒரே நிறத்தில் பாஜு மலாயு, தாயும் பெண்மக்களும் அதே நிறத்தில் பாஜு கூரோங். ஆண்களின் இடுப்பில் சாம்பின் துணி. வசதியுள்ள வீடென்றால் அது திரங்கானு தறியில் பொன்னிழை ஊடாக நெய்த சொங்கெட்டாக இருக்கும். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய நெசவு.

அடுத்த ஆண்டு நிறம் மாறிவிடும். போன ஆண்டு உடுப்பு மடிப்புக் கலையாமல் அலமாரியில் கிடக்கும்; பையனோ அதற்குள் வளர்ந்துவிடுவான். ரமலானில் குடும்பமாக உட்கார்ந்து இவற்றைப் பிரித்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு. எதைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

திருக்குர்ஆன் இதில் கறாரானது. தமக்கு வந்தால் முகம் சுளித்தே வாங்கக்கூடிய மட்டமான பொருளைப் பொறுக்கித் தானம் செய்வதை 2:267 தடுக்கிறது. விரும்பும் பொருளிலிருந்து கொடுக்கும்படி 3:92 கேட்கிறது. அந்த வசனத்தைக் கேட்ட நபித்தோழர் அபூ தல்ஹா, மதீனாப் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த, தமக்கு மிகப் பிரியமான பைருஹா தோட்டத்தையே அறமாக்கினார். அதை அவருடைய உறவினருக்கே பங்கிடச் சொன்னார்கள் நபிகள் நாயகம்.

உடைக்கே நேரான சான்று புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது. ஒரு பெண் தன் கையால் நெய்த கரை வைத்த மேலாடையை நபிகளுக்குக் கொடுத்தார். அவர்களுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. உடுத்தி வந்ததும் ஒருவர் அதைக் கேட்க, கொடுத்துவிட்டார்கள். கேட்டவரைத் தோழர்கள் கடிந்தபோது, தம் கஃபனுக்காக, அதாவது இறந்தபின் போர்த்தும் துணிக்காகக் கேட்டதாக அவர் சொன்னார். பின்னர் அதுவே அவருக்குக் கஃபனாயிற்று. இன்றைய துணிமூட்டைகளைப் பார்க்கையில் இந்தச் செய்தி சற்றுக் கூச்சம் தரும். பல மூட்டைகள் அலமாரியைக் காலிசெய்யக் கட்டியவை.

பெருநாளை ஒட்டிக் கொடுக்கும் ஃபித்ரா தர்மக் கடமை உணவைக் கொண்டு கணக்கிடுவது. உடை அதில் கழியாது, அது விரும்பிக் கொடுக்கும் ஸதகா. ஆனால் சத்தியத்தை முறித்தவருக்கான பரிகாரத்தில் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பதற்கு ஈடாக, பத்துப் பேருக்கு உடை கொடுப்பதை 5:89 வைத்திருக்கிறது.

கொடுக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. பாஜு மலாயுவில் செக்காக் மூசாங் வகைச் சட்டைக்குப் பொதுவாக ஐந்து பொத்தான். கழற்றி மாட்டுகிறவை என்பதால் எளிதில் தொலையும். பொத்தானோ சாம்பினோ இல்லாமல் போனால் வாங்குகிறவர் கடைக்கு ஓட வேண்டும். ஒரே நிறத் தொகுதியைப் பிரிக்காமல் ஒரே குடும்பத்துக்குக் கொடுப்பது இன்னும் நல்லது: அந்த வீட்டுப் பிள்ளைகளும் தாய்தகப்பனோடு ஒரே நிறத்தில் தொழுகைக்குப் போகலாம். பிள்ளையின் சட்டையை அவனைக் கேட்காமல் எடுத்து வைப்பது மட்டும் நியாயமில்லை. அவன் ஒன்றை வைத்துக்கொள்ள அடம்பிடித்தால் விட்டுவிடலாம்.

இதையெல்லாம் நோன்பின் முதல் பத்து நாளிலேயே முடிப்பது உத்தமம். கையைக் குறைக்கவும் கால்மடிப்பைப் பிரிக்கவும் வாங்குகிறவருக்குத் தையற்காரர் தேவைப்படும். கடைசி வாரத்தில் தையற்கடையில் புது வேலை வாங்கமாட்டார்கள்.