தில்லிக் குதிரைப்படை ஓவியங்களும் படைச்சொற்களும்

1. முன்னுரை

குதிரைகளைத் தனி உருவங்களாக எண்ணெய் வண்ணத்தில் வரைவித்தல் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருவழக்காக இருந்தது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் ஏறத்தாழ 1762இல் வரைந்த 'விசில்ஜாக்கெட்' இதற்குச் சிறந்த சான்று. அதில் சேணம் இல்லை, ஏறுவோனும் இல்லை, குதிரை மட்டுமே நிற்கிறது. தில்லி வட்டார ஓவியங்களில் குதிரை பெறும் இடம் இதனின்றும் வேறானது. அவ்வேறுபாட்டைப் படைச்சொற்களின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. ஸ்கின்னரின் படை

ஜேம்ஸ் ஸ்கின்னர் (1778-1841) ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்; பாரசீகத்தில் நூல்கள் இயற்றியவர். அவரது குதிரைப்படை 1803இல் தோன்றியது. தில்லி ஓவியர் குலாம் அலி கான், அப்படையின் தர்பாரை 1827இலும், அணிவகுப்பு முடிந்து படை திரும்பும் காட்சியை 1828இலும் நீர்வண்ணத்தில் வரைந்தார். இரண்டாம் ஓவியத்தில் குதிரை தனித்து நிற்கவில்லை. வீரனோடு சேர்ந்தே காட்சி தருகிறது.

3. சொற்சான்றுகள்

இவ்விணைப்பின் பொருளாதார அடிப்படையைச் சொற்கள் புலப்படுத்துகின்றன. 'சிலாதார்' என்பான் சொந்தக் குதிரையுடன் படையில் சேர்பவன். பிறர் குதிரையில் ஏறிப் பணிபுரிபவன் 'பார்கீர்'. பாரசீகத்தில் இச்சொல்லுக்குச் 'சுமை ஏற்பது' என்பது நேர்ப்பொருள். சிலாதாருக்குக் குதிரையே முதலீடு. அதனை இழப்பது பிழைப்பையே இழப்பதற்கு ஒப்பாகும்.

முகலாயர் படையில் வீரனின் அங்க அடையாளங்களைக் குறித்த பதிவு 'செஹ்ரா' எனப்பட்டது. இச்சொல்லின் பொருள் 'முகம்' என்பதாம். குதிரையின் அடையாளங்களும் எழுதப்பட்டன. அதன் உடலில் சூடும் இடப்பட்டது. ஆள்மாறாட்டத்தையும் குதிரை மாற்றத்தையும் தடுப்பதே இதன் நோக்கம். எனவே இப்பதிவைச் சொல்லால் வரைந்த உருவப்படம் எனலாம். குதிரையையும் வீரனையும் ஒருங்கே அடையாளப்படுத்தும் இப்பழக்கம், ஓவியன் பிறப்பதற்கு முன்பே படைக்கணக்கில் நிலைபெற்றிருந்தது.

4. தமிழில் எச்சங்கள்

இத்தகைய சொற்கள் தமிழிலும் கலந்துள்ளன. 'சவாரி', 'லகான்' ஆகியன பொருள் மாறாமல் வழங்குகின்றன. 'டபேதார்' என்பதோ பொருள் மாறியது. குதிரைப்படையில் சிறுகுழுத் தலைவனைச் சுட்டிய இச்சொல், தமிழகத்தில் மாவட்ட ஆட்சியரின் முன்செல்லும் பணியாளரைக் குறிக்கிறது. குதிரை வீரனைச் சுட்டிய 'இராவுத்தர்' என்பது இன்று ஒரு சமூகப் பெயராக நிலைத்துள்ளது.

5. முடிவுரை

சிலாதார் முறை முதல் உலகப்போருக்குப் பின் மறைந்தது. ஓவியங்கள் குதிரைகளின் தோற்றத்தைக் காத்தன. அவற்றை நம்பி வாழ்ந்தோரின் நிலையை உணர்த்துவன சொற்களே. ஆதலின் ஓவிய வரலாற்றை ஆய்வோர் படைச்சொற்களையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.