பாரதி பூங்கா, புதுச்சேரி

பாரதி பூங்கா இந்தியாவின் ஒன்றியப் பகுதிகளுள் ஒன்றான புதுச்சேரியின் நகர மையத்தில் அமைந்துள்ள பொதுப் பூங்கா ஆகும். இதன் நடுவே ஆயி மண்டபம் எனும் வெண்ணிற நினைவுச்சின்னம் உள்ளது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த கவிஞர் சுப்பிரமணிய பாரதியின் பெயரைப் பூங்கா தாங்கியுள்ளது.

அமைவிடம்

பூங்கா, கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் உள்ளது. வடக்கே, துணைநிலை ஆளுநர் மாளிகையாக நெடுங்காலம் விளங்கிய ராஜ் நிவாஸ் கட்டடமும் மேற்கே சட்டப் பேரவையும் அமைந்துள்ளன. அருங்காட்சியகம், ரோமன் ரோலண்ட் நூலகம், அரசுப் பொது மருத்துவமனை ஆகியனவும் அருகில் உள்ளன.

வரலாறு

பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியில் ஐங்கோண வடிவில் புனித லூயி கோட்டையைக் கட்டினர். 1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி, கோட்டையையும் நகரின் பெரும்பகுதியையும் இடித்தனர். 1763ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைக்குப் பின்னர் நகர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. நகர் மீண்டும் எழுப்பப்பட்டபோது கோட்டை கட்டப்படவில்லை. அதன் நிலப்பரப்பின் ஒரு பகுதி திறந்தவெளிச் சதுக்கமாகி, பின்னர் பூங்காவாயிற்று.

ஆயி மண்டபம்

கடலோரக் குடியிருப்புகளில் நல்ல குடிநீர் கிடைப்பது அரிதாக இருந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் (1852–1870) லமைரெசு என்னும் பொறியாளர், நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து கால்வாய் மூலம் நீரைக் கொண்டுவந்தார். அதன் நினைவாகக் கிரேக்க-உரோமானியப் பாணியில் இம்மண்டபம் எழுப்பப்பட்டது.

மண்டபத்தின் பெயர் ஒரு செவிவழிக் கதையுடன் தொடர்புடையது. அக்கதையின்படி, 16ஆம் நூற்றாண்டில் இவ்வழியே வந்த மன்னர் ஒருவர், விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் எனக் கருதி வணங்கினார். அது ஆயி என்னும் கணிகையின் வீடு என அறிந்ததும் சினந்து, அதனை இடிக்க ஆணையிட்டார். ஆயி தானே வீட்டை இடித்து, அவ்விடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டினார். மன்னர் கிருட்டிணதேவராயர் எனப் பலர் கூறுவர்; கதை வடிவத்துக்கு வடிவம் வேறுபடுகிறது. இதனைக் கேட்ட நெப்போலியன், ஆயியின் பெயரால் மண்டபம் எழுப்பப் பணித்ததாகவும் கூறப்படுகிறது.

மண்டபத்தை ஆயியே கட்டினார் எனக் கருதுவது பிழையாகும். கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கும் மண்டபம் எழுந்த காலத்திற்கும் இடையே சுமார் 300 ஆண்டுகள் உள்ளன. எனினும், ஆட்சியாளர் மாளிகையின் எதிரே உள்ள பிரெஞ்சுக் காலச் சின்னம், ஆளுநர் அல்லது படைத்தலைவர் பெயரால் அன்றி, குளம் வெட்டிய ஒரு பெண்ணின் பெயரால் அறியப்படுவது குறிப்பிடத்தக்கது.

பார்வையாளர்கள்

புல்தரை, நடைபாதைகள், நிழல் மரங்கள் ஆகியவை பூங்காவில் உள்ளன. சுற்றுலாப் பயணிகளுடன், அரசு அலுவலகங்களுக்கும் மருத்துவமனைக்கும் வந்து காத்திருப்போரும் இங்கு இளைப்பாறுகின்றனர். கடற்கரைச் சாலை நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. விருத்தாச்சலம், நெய்வேலி பகுதிகளிலிருந்து வருவோர் கடலூர் வழியாகப் பேருந்தில் புதுச்சேரியை அடையலாம்.