அடுப்பைக் காப்பவர் யார்?

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர்க்கு, உத்தியோகமும் வீடும் அமைந்தபின் எழும் மூன்றாவது கேள்வி சோற்றைப் பற்றியது. கடைக்குச் சென்றால் மேடைமீது வைத்துச் சமைக்கும் கருவிகள் அணிவகுத்து நிற்கின்றன. மின்சார ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் எனப் பெயர்கள் பல. இவற்றுள் எதை வாங்குவது? விற்பவர் சொல்லாத விடையை வரலாறு சொல்லக்கூடும்.

டில்லிக்கு வந்த புதிதில் நாம் மாடியறை ஒன்றில் குடியிருந்தோம். இருந்தது ஒரு கம்பிச்சுருள் மின்னடுப்பு. ஓர் இரவு பருப்பை வேக வைத்துவிட்டு, சட்டச் சொல் ஒன்றுக்குத் தமிழ் தேடத் தொடங்கினோம். சொல் அகப்பட்டது, பருப்பு கரியாயிற்று. சமையலில் கடினமானது காத்திருத்தலே என்று அன்று உணர்ந்தோம். பானை பொங்காமலும், அடி பிடிக்காமலும் ஒருவர் அருகே நின்று காக்கவேண்டும். நம் வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் தாயோ மனைவியோதான். சமையற் கருவிகளின் வரலாறு என்பது, இக்காவலை மனிதரிடமிருந்து பாத்திரத்துக்கு மாற்ற முயன்ற வரலாறே எனலாம்.

முதல் முயற்சி 1679-இல் நிகழ்ந்தது. தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் நீராவி வெளியேறாதவாறு மூடிய கலம் ஒன்றை லண்டன் ராயல் சொசைட்டியாருக்குக் காட்டினார். அதில் எலும்பும் மெத்தென்று வெந்தது. 1682-இல் அச்சபையினருக்கு அக்கலத்தில் சமைத்த விருந்தே படைக்கப்பட்டது. கலம் வெடியாதபடி அவர் அமைத்த எடை தாங்கிய வால்வு, அழுத்தம் மிகும்போது தானே திறந்து ஆவியை வெளியேற்றியது. இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை இதுவே.

அடுத்த முயற்சி நம் நாட்டினது. கல்கத்தாவில் மருத்துவராக விளங்கிய இந்துமாதவ் மல்லிக் 1910-இல் 'இக்மிக் குக்கர்' என்பதை உருவாக்கினார். தூய்மையைக் குறிக்கும் 'ஹைஜீனிக்', சிக்கனத்தைக் குறிக்கும் 'எகனாமிக்' என்னும் இரு சொற்களின் ஈறுகள் இணைந்த பெயர் அது. பெரிய உருளைக்குள் டிபன் காரியர் போன்ற அடுக்குகள், அவற்றில் அரிசி, பருப்பு, காய்கறி, அடியில் கரித்தணல். பூரி ஜகந்நாதர் கோயிலில் பானைமேல் பானை அடுக்கிச் சமைப்பதைக் கண்டு தோன்றிய யோசனை என்பர். தணலை மூட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கலாம். ஆவி மெல்ல எல்லாவற்றையும் வேக வைக்கும். தனியே வாழ்வோர்க்கும் பயணம் செய்வோர்க்கும் அது பெருந்துணையாயிற்று.

மூன்றாவது முயற்சி ஜப்பானில் 1955-இல் நிறைவேறியது. அதற்கு முன்னும் மின்சாரச் சோற்றுக்கலங்கள் இருந்தன. ஆயினும் அருகிலிருந்து அணைக்க ஆள் வேண்டும். சிறு தொழிலதிபரான யோஷிதாதா மினாமியும் அவர் மனைவி ஃபூமிகோவும் இக்குறையை ஆராய்ந்தனர். மீண்டும் மீண்டும் சோறு சமைத்து, வெப்பநிலையை அளந்து குறித்தவர் அவ்வம்மையாரே. கொதித்தபின் 20 நிமிடம் வெந்தால் சோறு பதமாகும் எனக் கண்டனர். வெளிக்கலத்தில் ஊற்றிய நீர் அந்நேரத்தில் வற்றும். உடனே வெப்பம் ஏறும். இரு உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். தோஷிபா நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அடுப்பைக் காக்கும் பொறுப்பு முழுமையாகக் கலத்துக்குச் சென்றது அப்போதுதான்.

இனி நம் தேர்வுக்கு வருவோம். மாலையில் களைத்து வந்து சோறு மட்டும் வேண்டுவோர்க்கு மின்சாரக் குக்கரே ஏற்றது. 700 வாட் கருவி ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்சாரமே இழுக்கும். ஆனால் அதில் கஞ்சி வடிக்க இயலாது; புழுங்கலரிசிக்குப் பச்சரிசியைவிட மிகுந்த நீர் வேண்டும். பருப்புக்குப் பிரஷர் குக்கரே சிறந்தது. சிம்லா போன்ற 2,200 மீட்டர் உயரமுள்ள ஊரில் நீர் 93 டிகிரியளவிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு எளிதில் மசியாது. அழுத்தக் கலத்திலோ வெப்பம் 120 டிகிரியை எட்டும்.

அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்க்கு இண்டக்‌ஷன் அடுப்பு இலகுவான சுமை. எனினும் வாங்குமுன் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா எனப் பார்க்கவேண்டும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஈயச்சொம்பு அதில் ரசம் வைக்க உதவாது. பித்தளையும் சாதாரண அலுமினியமும் அவ்வாறே. 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்குமாதலால் 16 ஆம்பியர் பிளக்குக்கு வசதி உண்டா என்று வீட்டுக்காரரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நலம். மைக்ரோவேவோ, சமைத்ததைச் சூடாக்கவே மிகுதியும் பயன்படுகிறது.

ஆகவே கடையில் விலையைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நம் வீட்டில் அடுப்பைக் காத்து நிற்பவர் யார்? இக்கருவி அவரை எவ்வளவு நேரம் விடுவிக்கும்? இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை கண்டவர் தவறான கருவியை வாங்கமாட்டார். எம் இல்லத்தில் இப்போது சோறு தானே வேகிறது. அந்த நேரத்தில் வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து பேசுகிறோம்.