சிப்பாய் ஓட்டம்

சதுரங்க இறுதியாட்டத்தில் அரசர்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும்போது, எந்தச் சிப்பாய் முதலில் கடைசி வரிசையை எட்டி இராணியாகும் என்ற போட்டி.

தனித்து ஓடும் சிப்பாயை எதிரி அரசன் பிடிப்பானா என்றறியச் ‘சதுர விதி’ உதவும். சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசை வரையுள்ள தூரத்தைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் கற்பனை செய்ய வேண்டும். தன் முறையில் அரசன் அதற்குள் கால்வைத்தால் பிடித்துவிடலாம். தொடக்கக் கட்டத்துச் சிப்பாய் இரண்டு கட்டம் பாயுமாதலால், அது ஒரு கட்டம் முன்னே நிற்பதாகவே கொள்ள வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

இருபுறமும் ஓடினால் எண்ணிக்கை மட்டும் போதாது. முதலில் இராணியாவதைவிட, ‘செக்’ வைத்தபடி இராணியாவது பல வேளைகளில் பெரிது.

விதியை ஏமாற்றுவதுபோல் தோன்றும் புதிரை ரிச்சர்ட் ரெட்டி 1921இல் அமைத்தார். வெள்ளை: அரசன் எச்8, சிப்பாய் சி6. கறுப்பு: அரசன் ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை அரசன் இரண்டு நகர்வு பிந்தியவன். ஆயினும் ஜி7, எஃப்6, இ5 என மூலைவிட்டமாக இறங்கும்போது எதிரிச் சிப்பாயையும் நெருங்குகிறான், தன் சிப்பாய்க்கும் துணைபோகிறான், ஆட்டம் சமன்.

இத்தகைய கணிப்பு உலகப் பட்டத்தையே தீர்மானித்ததுண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 14ஆவது ஆட்டம்: டிங் லிரென் 55ஆவது நகர்வில் யானையை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார். மூலையில் கிடந்த அவரது மந்திரியையும் மாற்றச் செய்து, ஒரு சிப்பாய் கூடுதலான அரசன்–சிப்பாய் முடிவுக்குச் சென்னையின் குகேஷ் இழுத்துச் சென்றார். 58ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஏற்றார்.