பூனைமுடி மீசையும் இரத்தத்தின் வரைபடமும்

ஒரு பூனையை விரட்ட வேண்டும். கொட்டகைக் கதவின் அடியில் இருக்கும் துளையில் ஒட்டுநாடாவை ஒட்டிவைத்துவிட்டுப் பூனைமேல் தண்ணீரைப் பீய்ச்சினால், அது துளை வழியே பாய்ந்தோடும்போது நாடாவில் முடி ஒட்டிக்கொள்ளும். அந்த முடியைச் சர்க்கரைப் பாகால் மேலுதட்டில் ஒட்டினால் மீசை தயார். யாரைப் போல வேஷம் போடுகிறோமோ அந்த ஆளுக்கு மீசையே கிடையாது. அதனால் அவனுடைய பாஸ்போர்ட்டைச் சுட்டு, அதிலுள்ள படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். இத்தனையும் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க.

1999இல் சியரா நிறுவனம் வெளியிட்ட, ஜேன் ஜென்சன் எழுதிய 'காப்ரியேல் நைட் 3' என்ற சாகசக் கணினி விளையாட்டில் வருகிறது இது. இந்த விளையாட்டு வகையே செத்ததற்கு இந்த மீசையைக் காரணம் காட்டி எழுதியவர்கள் உண்டு. 2001இல் நண்பரிடம் குறுந்தகடுகளை இரவல் வாங்கி ஆடியது. போன மாதம் மறுபடி ஆடினேன். மரப்பாச்சி முகங்கள், ஆள் ஓரிடத்தில் நிற்கக் கேமரா தன்பாட்டுக்குச் சுற்றுவது, எல்லாம் அப்படியே இருக்கின்றன. மாறியிருப்பது நான்தான்.

கதை தென் பிரான்சின் ரென்-லெ-ஷாத்தோ என்னும் மலைக்கிராமத்தில் மூன்று நாட்களில் நடக்கிறது. ஒரு குழந்தை கடத்தப்படுகிறது. அதன் உடலில் ஓடுவது இயேசுவும் மதலேன் மரியாளும் வழிவழியாக விட்டுச்சென்ற இரத்தம். சும்மா சொல்லக்கூடாது, 'சிவப்புப் பாம்பு' என்ற புதிர்ப்பிரதியை வைத்துக்கொண்டு வரைபடத்தின்மேல் வட்டமும் சதுரமும் நட்சத்திரமும் போட்டுக்கொண்டே போகும் பகுதி அபாரம். அன்று விடியவிடிய உட்கார்ந்து போட்டேன். அந்த வேகத்தில் ஒரு சிறு கூட்டத்தில் 'திருச்சபை ஒடுக்கிய மாற்றுக் கிறித்தவம்' என்று அரைமணி நேரம் பேசவும் செய்தேன். யாரும் மறுக்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஏனெனில் அந்தப் பிரதி இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. பியர் ப்லாந்தார் என்பவர் 1956இல் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்து, அதற்குச் சிலுவைப்போர்க் காலத்துப் பரம்பரை ஒன்றைக் கற்பித்தார். தன்னையே பண்டைய பிராங்கிய அரசர்களின் வாரிசு என்று காட்டும் வம்சாவளிகள் 1960களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. பழைய தோல்சுவடிகள் என்று சொல்லப்பட்டவற்றை எழுதியவர் அவருடைய கூட்டாளி ஃபிலிப் த ஷெரிசே. கிராமத்துப் பங்குத்தந்தை சோனியேருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட புதையலோ, ஊரெல்லாம் கடிதம் போட்டு வசூலித்த பூசைப்பணம்தான். மறைமாவட்டமே அவரை விசாரித்துத் தண்டித்தது. இயேசுவின் இரத்தம் இந்தக் கதைக்குள் பாய்ந்தது 1982இல் வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் வழியாக.

போலி ஆவணம் வரலாற்றுக்குப் புதிதல்ல. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இதற்குள் இருக்கிறது. இந்தக் கதையாடலில் புனித இரத்தத்தைக் காத்தவர்களின் வரிசையில் கதார்களும் நிற்கிறார்கள். 1209இல் பெசியே நகரத்தில் வெட்டப்பட்டவர்களும், 1244இல் மோன்செகூர் கோட்டையடியில் எரிக்கப்பட்ட சுமார் இருநூறு பேரும் இந்தப் பெயரில்தான் நினைக்கப்படுகிறார்கள். இவர்களுடையதாகப் பதிவாகியுள்ள போதனை என்ன? உடல் தீயசக்தியின் படைப்பு. பிள்ளை பெறுவது ஓர் ஆன்மாவை மறுபடி சிறையிலடைப்பது. கிறிஸ்து மெய்யான மாமிச உடலே எடுக்கவில்லை. உடலே இல்லாதவருக்கு இரத்தம் ஏது, வாரிசு ஏது? வம்சம் என்ற கருத்தையே மறுத்தவர்களைப் பிடித்து வம்சத்துக்கு வாயிற்காவலர்களாக நிறுத்திவிட்டார்கள். குலப்பெருமை பேசும் கதைகளுக்கு மற்றவன் பிணமும் தோரணம்தான்.

அதே மலைப்புறத்தில், ரென்-லெ-ஷாத்தோவுக்கு வெகு தூரமில்லாத க்யூபியேரில் பிறந்தவன் கியோம் பெலிபாஸ்ட். விவசாயி மகன். கைகலப்பில் ஓர் இடையனைக் கொன்றுவிட்டு ஓடி, 'நல்ல மனிதர்' என்று மக்கள் அழைத்த துறவிகளில் ஒருவனாகி, பிரனே மலை கடந்து கதலோனியப் பக்கம் போய் ஒளிந்தான். துறவி என்பது தெரியாமலிருக்க ரேமோந்த் என்ற பெண்ணோடு வாழ்ந்தான். அவள் கர்ப்பமானதும் நண்பன் பியர் மோரிக்கு அவளைக் கட்டிவைத்து, சில நாட்களில் அந்தக் கல்யாணத்தை ரத்தும் செய்தான். புனிதன் என்று சொல்ல முடியாது.

அவனைத் தேடி வந்தவன் ஆர்னோ சிக்ர். பதிதை என்று சிக்ரின் தாயை எரித்துவிட்டு வீட்டையும் பறிமுதல் செய்திருந்தார்கள். அந்தச் சொத்து திரும்ப வேண்டும் அவனுக்கு. சான் மத்தேயு என்ற ஊரில் செருப்புத் தைக்கும் கடையில் வேலைக்கிருந்தவன், அரைக்கத் தானியம் கேட்டு வந்த பெண்ணின் பேச்சில் சொந்தச் சீமையை அடையாளம் கண்டான். பக்தனாக நடித்து உள்ளே நுழைந்தான். சந்தேகப்பட்ட மோரி இரண்டு மதுவைக் கலந்து ஊற்றிக்கொடுத்து, 'இவனைக் காட்டிக்கொடுத்தால் நல்ல பணம் கிடைக்கும், வர்றியா?' என்கிற மாதிரி ஆழம் பார்த்தான். சிக்ர் போதை ஏறியவன்போல் நடித்தபடியே மறுத்தான். மோரி நிம்மதியாகத் தூங்கிப்போனான். பிறகு சொத்துள்ள உறவுக்காரி, கல்யாணத்துக்கு ஒரு தங்கை என்று ஆசைகாட்டி பெலிபாஸ்டை எல்லைக்குள் இழுத்துவந்தான் சிக்ர். 1321இல் வில்ரூழ்-தெர்மெனேயில் அவனை எரித்தார்கள். சிக்ருக்குத் தாயின் சொத்து கிடைத்தது.

மீசை ஒட்டாத இந்த வேஷத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பியர் மோரி இடையன். ஆட்டுமந்தையோடு வருஷா வருஷம் மலை தாண்டியவன். 1324இல் அவனுக்குச் சிறை விதித்தார்கள். விளையாட்டிலும் இடையர்கள் வருகிறார்கள், பூசேன் தீட்டிய 'ஆர்க்காடிய இடையர்கள்' ஓவியத்தில். அவர்கள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. கோடு போடப் புள்ளிகள் கிடைத்தால் போதும்.

சரி, மோரியின் குரல் எங்கிருந்து கிடைத்தது? பாமியே ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணையின் பதிவேட்டிலிருந்து. அவர் 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பாப்பரசரானார். பதிவேடு வத்திக்கானில் தப்பிப்பிழைத்தது. அதை வைத்துத்தான் லெ ருவா லதுரி 1975இல் 'மோன்தையூ' எழுதினார். ஒக்சித்தான் மொழியில் சொன்னதை எழுத்தன் லத்தீனில் எழுதினான். கேள்வியை முடிவுசெய்தது நாற்காலியில் இருந்தவர். அதிகாரத்தோடு உரசிய கணத்தில் மட்டுமே இவ்வுயிர்கள் எழுத்தில் ஏறுகின்றன என்று ஃபூக்கோ சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். 1245-46இல் துலூஸில் 5,000க்கும் மேற்பட்டோரிடம் கேட்கப்பட்டவையும் பெரும்பாலும் அச்சுவார்த்த கேள்விகள்: பதிதரைப் பார்த்தாயா, வணங்கினாயா, யார் கூட இருந்தார்கள்? 'கதார் திருச்சபை' என்ற ஒழுங்கான அமைப்பே விசாரிப்பவர்களின் கட்டமைப்புதானோ என்று ஆர். ஐ. மூர், மார்க் பெக் போன்றோர் ஐயுறுகிறார்கள். முழுக்க ஒப்ப எனக்கு மனமில்லை. சந்தேகம் மட்டும் வேண்டியதுதான்.

விளையாட்டிலும் ஒருவரிடம் பேசப்போனால் இன்னதைக் கேட்கலாம் என்று சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக வரும். அவற்றில் இல்லாததைக் கேட்க முடியாது. ஆனால் ஃபூர்னியே காட்டிய பொறுமைகூட அதற்கில்லை. தலைப்பை விட்டு விலகி ஆட்டைப் பற்றியும் பேன் பார்ப்பதைப் பற்றியும் பேசியவர்களை அந்த ஆயர் பேசவிட்டார், காதில் வாங்கினார், எழுதவைத்தார். தண்டிப்பதற்காகத்தான்.

மறுமுறை ஆடியபோது மீசையை ஒட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு வரைபடத்தைத் திறந்தேன். கல்லறை, பாறை, பாழடைந்த கோட்டை எல்லாவற்றுக்கும் போகலாம். க்யூபியேர் அதில் இல்லை.